‘ரிலீவ்’ என்னும் ஆங்கில வினைச்சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செய்திகளையும் அலுவலகக் கடிதங்களையும் தமிழாக்குபவர்கள் வாரத்துக்கு ஒரு முறையாவது முட்டிக்கொள்ளும் சொல் ‘ரிலீவ்’. மாத்திரை அட்டையிலும், மாறுதல் உத்தரவிலும், போர் வரலாற்றிலும், வழக்கு மனுவிலும் அது ஒரே எழுத்துக்கூட்டலோடு வந்து நிற்கிறது. தமிழில் ஒவ்வோர் இடத்திலும் வேறு சொல்லைக் கேட்கிறது. புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளும் நான் சொல்லி வரும் பதில்களும் கீழே உள்ளன.

இந்தச் சொல்லின் அடிப்படைப் பொருள் என்ன?

சுமையைத் தூக்கி எடுத்து, சுமந்தவரை இலேசாக்குவதுதான். லத்தீனில் ‘லெவிஸ்’ என்றால் கனமற்றது. ‘லெவாரே’ என்றால் தூக்குதல், எடையைக் குறைத்தல். அதன் முன் ‘ரெ’ சேர்ந்து ‘ரெலெவாரே’ ஆகி, பழைய பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தது. நெம்புகோலைக் குறிக்கும் ‘லீவர்’, மின்தூக்கியைக் குறிக்கும் ‘எலிவேட்டர்’ ஆகியவையும் அதே வேரில் கிளைத்தவை. இன்னொரு செய்தி பலரை வியக்க வைக்கும். லத்தீன் ‘லெவிஸ்’ என்ற சொல்லும் சமஸ்கிருத ‘லகு’ என்ற சொல்லும் ஒரே மூதாதையிடமிருந்து பிறந்தவை. அந்த ‘லகு’தான் தமிழில் ‘இலகு’ ஆயிற்று. ஆகவே ‘வேலையை இலகுவாக்கினான்’ என்று நாம் சொல்லும்போது, ‘ரிலீவ்’ என்பதன் தூரத்து உறவுக்காரரைத்தான் வாயில் வைத்திருக்கிறோம்.

கண்ணால் காண வேண்டுமானால், தமிழ்நாட்டின் பழைய சாலையோரங்களில் நிற்கும் சுமைதாங்கியைப் பாருங்கள். நட்டு நிறுத்திய இரண்டு கற்கள், அவற்றின் மேல் குறுக்கே கிடத்திய ஒரு பலகைக்கல். ஏறத்தாழ ஆள் தோள் உயரம் இருக்கும். தலைச்சுமையோடு தனியாக வருபவருக்கு, சுமையை இறக்கிவிடவும் பிறகு தூக்கிவிடவும் இன்னொரு கை வேண்டும். அந்தக் கை இல்லாத வழியில் அவர் கல்லருகே போய், கழுத்தைச் சற்றே சாய்த்து, மூட்டையைப் பலகை மேல் நகர்த்திவிட்டுத் தலையை வெளியே இழுத்துக்கொள்வார். கர்ப்பமாக இருக்கும்போதே இறந்துபோன பெண்களின் நினைவாக, அவர்கள் வயிற்றில் இறக்க முடியாமல் போன பாரத்துக்கு ஈடாக, இந்தக் கற்களை நட்டார்கள். மூட்டை கல்லுக்கு மாறும் அந்தக் கணமே ‘ரிலீவ்’ என்ற வினையின் மையம். மற்ற பொருள்கள் எல்லாம் மூட்டை எது, கல் எது என்பதைப் பொறுத்தவை.

அப்படியானால் எல்லா இடத்திலும் ‘நிவாரணம் அளித்தல்’ என்று எழுதலாமா?

எழுதக் கூடாது. ‘நிவாரணம்’ சமஸ்கிருதத்தில் தடுத்தல், விலக்குதல் என்னும் பொருளுடையது. தமிழில் அது வெள்ளம், புயல், வறட்சி போன்ற பேரிடர்களுக்குப் பின் அரசோ அமைப்புகளோ தரும் பணத்துக்கும் பொருளுக்கும் உரிய சொல்லாக நிலைத்துவிட்டது. ‘நிவாரண நிதி’, ‘நிவாரண முகாம்’, ‘நிவாரணப் பொருட்கள்’ ஆகியவற்றில் அது சரியாகப் பொருந்துகிறது. ஆனால் ‘மகன் வீடு திரும்பியதும் தாய்க்கு நிவாரணம் கிடைத்தது’ என்று எழுதினால், அந்தத் தாய் வட்டாட்சியர் அலுவலக வரிசையில் நின்றதுபோல் ஆகிவிடும்.

எந்த வாக்கியத்திலும் சுமை எது, அது யார் மேல் இருந்தது, இறக்கியபின் எங்கே போனது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். வலியானால் தணியும், பசியானால் ஆறும், பொறுப்பானால் ஒருவரை அதிலிருந்து விடுவிப்பார்கள், சலிப்பானால் போக்குவார்கள், நெரிசலானால் குறைப்பார்கள். வினையைத் தேர்ந்தெடுப்பது ‘ரிலீவ்’ அல்ல, அதன் பின்னால் வரும் பெயர்ச்சொல்தான்.

‘வலி நிவாரணி’ என்ற சொல் தவறா?

தவறென்று சொல்ல மாட்டேன். மருந்துக் கடை வரை ஊன்றிவிட்ட சொல்லை இனிப் பிடுங்குவது வீண் வேலை. ஆனால் ஆங்கிலத்தில் ‘ரிலீவ்’ வேறு, ‘கியூர்’ வேறு என்ற எல்லை கறாரானது. முதலாவது நோயின் துன்பத்தைக் குறைக்கும். நோய் அப்படியே இருக்கலாம். இரண்டாவது நோயையே போக்கும். மருந்து அட்டையில் ‘ரிலீவ்ஸ்’ என்றிருப்பதைத் ‘தீர்க்கும்’ என்றோ ‘குணப்படுத்தும்’ என்றோ தமிழாக்கினால், தயாரித்தவரே கொடுக்காத வாக்குறுதியை நீங்கள் கொடுத்துவிடுகிறீர்கள். ‘தணிக்கும்’ என்பதே அளவான சொல். நியூயார்க் மாநிலத்தின் சாரனாக் லேக் ஊரில், காசநோய் மருத்துவர் எட்வர்ட் ட்ரூடோவின் சிலையடியில், சில வேளை குணமாக்கு, பல வேளை தணி, எப்போதும் ஆறுதல் கொடு என்ற கருத்துடைய பிரெஞ்சு வாசகம் பொறிக்கப்பட்டிருக்கிறது. மூன்று வினைகளுக்கும் தமிழில் தனித்தனிச் சொற்கள் இருக்கும்போது அவற்றைக் குழப்ப வேண்டியதில்லை.

மனநிலையைச் சொல்லும்போது என்ன எழுதுவது?

இங்கேதான் தமிழ் பணக்கார மொழி. ‘அவள் நிம்மதியடைந்தாள்’ என்பது பொதுவான வழி. ஆனால் நிம்மதி என்பது நீடிக்கும் நிலை. ஆங்கிலச் சொல் பெரும்பாலும் ஒரு நொடியின் இறக்கத்தைச் சொல்கிறது. அந்த நொடிக்கு ‘வயிற்றில் பாலை வார்த்தாய்’, ‘போன உயிர் திரும்பி வந்தது’, ‘நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது’, ‘பெருமூச்சு விட்டான்’ என்று பல உண்டு. உரையாடலானால் ‘அப்பாடா!’ என்ற ஒற்றைச் சொல் போதும். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று கேட்ட பாட்டி ‘நான் மிகவும் நிம்மதியாக உணர்கிறேன்’ என்று சொல்வதாக ஒரு துணைத்தலைப்பில் படித்தேன். எந்த ஊர்ப் பாட்டியும் அப்படிச் சொல்ல மாட்டார்.

அலுவலகத்தில் ‘என்னை இன்னும் ரிலீவ் பண்ணவில்லை’ என்கிறார்களே, அதன் பொருள் என்ன?

அரசு அலுவலகங்களில் மாறுதல் ஆணை வந்துவிட்டாலே ஒருவர் புதிய ஊருக்குப் போய்விட முடியாது. பழைய அலுவலகம் அவரை விடுவித்து ஓர் ஆணை வழங்க வேண்டும். அவர் தம் பொறுப்பிலிருந்த கோப்புகளையும் பதிவேடுகளையும் சாவிகளையும் அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். அந்த ஆணையில் நாள் மட்டும் போதாது, வேளையும் வரும்: இன்ன நாள் ‘முற்பகல்’ அல்லது ‘பிற்பகல்’ பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார் என்று எழுதுவார்கள். ஒரு நாளின் எந்தப் பாதி வரை சம்பளப் பட்டியல் பழைய அலுவலகத்தைச் சேரும் என்பது அந்த ஒற்றைச் சொல்லில் இருக்கிறது. அதன்பின் புதிய இடத்தில் சேரும்வரை கிடைக்கும் பணியேற்பிடைக் காலம், இறுதி ஊதியச் சான்று என்று வரிசையாக வேலைகள் தொடங்கும். மாற்று ஆள் வந்து சேராதவரை மேலதிகாரி விடுவிக்க மனம் வைக்க மாட்டார். அந்த இழுபறியில் இருப்பவரின் வாயிலிருந்து வருவதே நீங்கள் கேட்ட வாக்கியம். ‘பணிவிடுவிப்பு’ என்பது இதற்குச் சரியான, ஏற்கெனவே வழக்கில் உள்ள தமிழ்ச்சொல்.

இதை நான் கற்றது அவமானப்பட்டுத்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மாவட்ட அதிகாரி மாறுதலாகிப் போகும் ஆங்கிலக் குறிப்பில் ‘ரிலீவ்ட்’ என்றிருந்ததை, ‘பணியிலிருந்து நீக்கப்பட்டார்’ என்று தமிழாக்கிவிட்டேன். மறுநாள் காலை பத்து மணிக்கு முன்பே அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. அவர் கோபப்படவில்லை, “தம்பி, ஊரிலிருந்து மாமனார் போன் பண்ணி, என்ன மாப்பிள்ளை, லஞ்சக் கேசா என்று கேட்கிறார். நான் என்ன பதில் சொல்லட்டும்?” என்று மட்டும் கேட்டார். விடுவிப்பு என்பது நடைமுறை, நீக்கம் என்பது தண்டனை என்ற வேறுபாட்டை அன்றைக்குப் பிறகு நான் மறந்ததில்லை.

ஆனால் பதவி பறிப்பதையும் அதே சொல்லால் சொல்கிறார்களே?

சொல்கிறார்கள், சிக்கலே அதுதான். கொரியப் போரின் நடுவே, 1951 ஏப்ரல் 11 அன்று, அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ட்ரூமன் தளபதி மக்ஆர்தரைப் பொறுப்பிலிருந்து ‘ரிலீவ்’ செய்தார் என்றால், அது பட்டவர்த்தனமான பதவி நீக்கம். போரை எப்படி நடத்துவது என்பதில் இருவருக்கும் இருந்த பிணக்கு வெளிப்படையாகிவிட்டிருந்தது. ஆங்கிலம் அங்கே நாகரிகத்துக்காக, பாரத்தை இறக்கி உதவி செய்ததுபோன்ற சொல்லைப் போர்த்தியிருக்கிறது. ஆகவே சூழலைப் பாருங்கள். அடுத்த பணியிடம் குறிப்பிடப்பட்டிருந்தால் விடுவிப்பு; விசாரணையோ புகாரோ கருத்து மோதலோ பக்கத்தில் இருந்தால் நீக்கம்; எதுவும் தெரியாவிட்டால் ‘பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டார்’ என்று எழுதி, ஆங்கிலத்தில் இருக்கும் மூட்டத்தைத் தமிழிலும் அப்படியே வைத்துவிடுவதே நேர்மை.

தனியார் நிறுவனங்கள் தரும் ‘ரிலீவிங் லெட்டர்’?

விடுவிப்புக் கடிதம். ராஜினாமா ஏற்கப்பட்டு, நோட்டீஸ் காலம் முடிந்து, கணக்கு வழக்கு தீர்ந்து, இன்ன நாளோடு இவரை அனுப்பிவிட்டோம் என்பதற்குச் சான்று. அனுபவச் சான்றிதழ் வேறு.

காவலாளிகளும் செவிலியர்களும் சொல்லும் ‘ரிலீவர்’ யார்?

முறை மாற்றிவிட வருபவர். இரவு எட்டு மணிக்கு அடுக்ககத்தின் வாயிலில் உட்கார்ந்த காவலாளி, காலை எட்டு மணிக்கு வர வேண்டியவர் வராததால், ஒன்பது மணிக்கும் நாற்காலியை விட்டு நகராமல், தெருமுனையைப் பார்த்துக்கொண்டு, கையில் டீக்கடைப் பையோடு போகிறவர்களிடம் “ரிலீவர் வரல சார்” என்று சொல்வதை நகரவாசிகள் எல்லாரும் கேட்டிருப்பார்கள். அவர் போய்விட முடியாது. இருக்கை ஒரு நிமிடமும் காலியாகக் கூடாது என்பதே இந்தப் பொருளின் உயிர். அமெரிக்கக் கடற்படைக் கப்பலில் பொறுப்பு மாறும்போது, வருபவர் ‘உங்களை விடுவிக்கிறேன்’ என்றும், இருப்பவர் ‘விடுவிக்கப்பட்டேன்’ என்றும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும். சொல்லும் வரை பொறுப்பு பழையவருடையதே. தமிழில் ‘முறை மாற்றுதல்’ என்றோ ‘பொறுப்பை ஏற்றுக்கொள்ளுதல்’ என்றோ எழுதலாம். ‘ரிலீவர்’ என்பவரை ‘மாற்றுக் காவலர்’ என்று எழுதினால் புரியும். ‘நிவாரணர்’ என்று எவரும் எழுதிவிட வேண்டாம்.

போர் வரலாற்றில் வரும் ‘ரிலீஃப் ஆஃப் மாஃபெகிங்’ என்பதை எப்படிப் புரிந்துகொள்வது?

முற்றுகையில் சிக்கிய ஊரை, வெளியிலிருந்து ஒரு படை வந்து மீட்பது. தென்னாப்பிரிக்காவின் மாஃபெகிங்கை, அங்கே குடியேறிய டச்சு வழியினரான போயர்கள் 1899 அக்டோபரில் முற்றுகையிட்டார்கள். 217 நாட்களுக்குப் பின், 1900 மே 17 அன்று, பிரிட்டிஷ் படை வந்து முற்றுகையை உடைத்தது. லண்டன் தெருக்களில் அந்தச் செய்திக்குக் கிளம்பிய ஆரவாரத்திலிருந்து, கூத்தும் கும்மாளமுமாகக் கொண்டாடுவதைக் குறிக்க ‘மாஃபிக்’ என்ற வினையையே ஆங்கிலேயர்கள் உண்டாக்கிக்கொண்டார்கள்.

லக்னோவின் கதை இன்னும் கூர்மையானது. 1857 கிளர்ச்சியில், பிரிட்டிஷ் பிரதிநிதியின் வளாகமான ரெசிடென்சியைக் கிளர்ச்சிப் படைகள் முற்றுகையிட்டிருந்தன. செப்டம்பரில் பிரிட்டிஷ் தளபதிகள் ஹேவ்லாக்கும் அவுட்ரமும் படையோடு அதற்குள் புகுந்துவிட்டார்கள். ஆனால் உள்ளே இருந்தவர்களை வெளியே கொண்டுபோகும் பலம் அவர்களிடம் இல்லை. மீட்க வந்தவர்களும் முற்றுகைக்குள்ளேயே மாட்டிக்கொண்டார்கள். நவம்பரில் காலின் கேம்ப்பெல் வந்த பிறகுதான் எல்லாரும் வெளியேற முடிந்தது. இதனால் வரலாற்று நூல்களில் ‘முதல் ரிலீஃப்’, ‘இரண்டாவது ரிலீஃப்’ என்று இரண்டு வரும். இங்கே ‘லக்னோ நிவாரணம்’ என்று எழுதினால் அரிசி மூட்டைகள் போய்ச் சேர்ந்த கதையாகிவிடும். ‘லக்னோ மீட்பு’ என்பதே சரி. சென்னையும் இந்தப் பொருளை அனுபவித்த ஊர்தான்: லாலியின் பிரெஞ்சுப் படை 1758 டிசம்பரில் தொடங்கிய புனித ஜார்ஜ் கோட்டை முற்றுகை, 1759 பிப்ரவரியில் ஆங்கிலேயக் கப்பல்கள் கடலில் தென்பட்டதும் கலைந்துபோயிற்று.

பஞ்ச காலத்து ‘ரிலீஃப் ஒர்க்ஸ்’ என்பது என்ன?

பசித்தவருக்குச் சோற்றைச் சும்மா கொடுக்காமல், மண் வெட்டச் சொல்லிக் கூலியாகக் கொடுக்கும் ஏற்பாடு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தில் இது பெரிய அளவில் நடந்தது. சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அப்படி வெட்டப்பட்டது. செலவைக் கட்டுப்படுத்த அனுப்பப்பட்ட பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள், உடலுழைப்பு செய்பவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம், தானியக் கணக்கில் கூலியைக் குறைத்தார். ஆவணத்தில் அதன் பெயர் ‘ரிலீஃப்’. மக்கள் வாயில் இருந்த சொல் ‘கஞ்சித்தொட்டி’. பழைய ஆவணங்களை மொழிபெயர்ப்பவர்கள் ‘நிவாரணப் பணி’ என்று எழுதலாம், ஆனால் அது என்ன பணி என்று ஓர் அடைமொழியாவது சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து.

நீதிமன்றத்திலும் வரித் துறையிலும்?

வழக்கில் ‘ரிலீஃப்’ என்றால் மனுதாரர் கேட்கும் பரிகாரம். ‘இடைக்கால நிவாரணம்’ என்று செய்திகளில் வருவது பழகிவிட்டது. மனுக்களில் ‘பரிகாரம்’ என்பதே வழக்கம். வரியில் அது சலுகை. இலங்கையில் ‘வரி நிவாரணம்’ என்றும் எழுதுவார்கள், அது அங்கே பிழையல்ல. வேடிக்கையான விதிவிலக்கு ஒன்று உண்டு. நிலப்பிரபுத்துவ இங்கிலாந்தில், தந்தை இறந்தபின் மகன் நிலத்தை மீண்டும் ‘தூக்கி எடுத்துக்கொள்ள’ மன்னருக்குச் செலுத்திய பணத்துக்கும் ‘ரிலீஃப்’ என்றே பெயர். மன்னர்கள் வாய்க்கு வந்த தொகையைக் கேட்டதால், 1215ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டா என்னும் உரிமைச் சாசனம் பிரபுக்களுக்கு நூறு பவுண்டு என்று உச்ச வரம்பு போட்டது. சுமையிறக்கும் சொல்லே சுமையான இடம் அது.

புடைப்புச் சிற்பத்துக்கும் ‘ரிலீஃப்’ என்று ஏன் பெயர்?

‘தூக்குதல்’ என்ற பழைய பொருளால்தான். பின்புலத்திலிருந்து உருவம் தூக்கி நிற்கிறது. மாமல்லபுரத்தின் அர்ச்சுனன் தபசு அதற்கு நாம் காட்டக்கூடிய பெரிய சான்று. மலை மேடுகளைக் காட்டும் வரைபடமும் அதே வழியில் பெயர் பெற்றது.

இரண்டு பொருள்களும் ஒரே கல்லில் கூடியிருக்கும் இடம் கிரேக்கத்தின் மைசீனிக் கோட்டையில் உள்ள சிங்க வாயில். கி.மு. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்த வாயிலின் உத்தரக்கல் மேல் சுவரின் முழு எடையும் இறங்கினால் உடைந்துவிடும் என்று, கட்டியவர்கள் அதன் மேலே முக்கோணமாக இடைவெளி விட்டு, எடையை இரு பக்கமும் தள்ளிவிட்டார்கள். கட்டடக் கலைஞர்கள் இதை ‘ரிலீவிங் முக்கோணம்’ என்கிறார்கள். தமிழில் ‘சுமைவிலக்கு முக்கோணம்’ எனலாம். அந்த இடைவெளியை மூட வைத்த மெல்லிய பலகைக்கல்லில்தான் இரண்டு சிங்கங்கள் புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளன.

எந்திரங்களில்?

அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு எல்லாம் ‘ரிலீஃப் வால்வு’தான், சமையலறைக் குக்கரின் வெயிட்டும் அந்தக் குடும்பமே. பற்றவைத்த எஃகைச் சுமார் 550 முதல் 650 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, மெல்ல ஆறவிட்டு, உள்ளே தேங்கிய இறுக்கத்தைத் தளர்த்துவதற்கு ‘ஸ்ட்ரெஸ் ரிலீவிங்’ என்று பெயர். பட்டறையில் யாரும் அதைத் தமிழாக்குவதில்லை. எழுத்தில் ‘தகைவு தளர்த்தல்’ என்று எழுதலாம்.

‘ரிலீவ் ஒன்செல்ஃப்’ என்பதை நாகரிகமாக எப்படிச் சொல்வது?

இதில் ஆங்கிலத்திடம் நாம் கடன் வாங்க வேண்டியதே இல்லை. சொல்லத் தகாததை வேறு வாய்பாட்டால் சொல்வதற்கு இடக்கரடக்கல் என்று நம் இலக்கணமே பெயர் வைத்திருக்கிறது. ‘கால் கழுவி வந்தான்’ என்ற எடுத்துக்காட்டைப் பள்ளியில் எல்லாரும் படித்திருப்போம். ‘ஒதுங்கினான்’, ‘கொல்லைக்குப் போனான்’ என்பவை கிராமத்துக் கதைக்குப் பொருந்தும். செய்திக்கு ‘இயற்கை உபாதை கழிக்கச் சென்றார்’ என்பது போதும். ‘தன்னை விடுவித்துக்கொண்டார்’ என்று மட்டும் எழுதாதீர்கள். கைதி தப்பியதாக வாசகர் நினைத்துக்கொள்வார்.

திருடன் ஒருவரைப் பணப்பையிலிருந்து ‘ரிலீவ்’ செய்தான் என்று படித்தேன். அச்சுப்பிழையா?

இல்லை, கிண்டல். பணம் அவருக்குப் பாரமாக இருந்ததுபோலவும் திருடன் உதவியதுபோலவும் எழுதும் நையாண்டி. ‘பையின் கனத்தைக் குறைத்துவிட்டுப் போனான்’ என்றால் அதே சிரிப்பு வரும். செய்தியானால் ‘பறித்துச் சென்றான்’ என்று எழுதிவிடுங்கள்.

‘ரிலீஃப்’, ‘ரிலீவ்’, ‘ரீலிவ்’ – மூன்றும் குழப்புகின்றனவே?

‘ஃப்’ ஒலியில் முடிவது பெயர்ச்சொல், ‘வ்’ ஒலியில் முடிவது வினை. ‘பிலீஃப்’, ‘பிலீவ்’ என்ற இணையும் அப்படியே. மூன்றாவது வேறு குடும்பம். ‘ரீ’ என்பதோடு, வாழ்தலைக் குறிக்கும் ‘லிவ்’ சேர்ந்தது. நடந்ததை மனத்தில் மறுபடி வாழ்ந்து பார்ப்பது என்று பொருள். ஆங்கில எழுத்துக்கூட்டலில் ‘ரிலீவ்’, ‘ரீலிவ்’ இரண்டுக்கும் இடையே ஒரே ஒரு எழுத்துத்தான் வேறுபாடு. அதைக் கவனிக்காத ஒருவர், விபத்தின் நினைவுகளை ஒரு பெண் மீண்டும் அனுபவித்து நடுங்கினாள் என்ற வரியை, அந்த நினைவுகளிலிருந்து அவள் விடுபட்டாள் என்று மொழிபெயர்த்துத் தந்தார். அடுத்த பத்தியில் அவள் ஏன் அழுகிறாள் என்று என்னிடமே வந்து கேட்டார்.